வடு பார்த்துக் கொடுத்த வேலை

அத்தாயிக்கு வேலை கிடைத்ததே அவள் முகத்தால்தான். அழகால் அல்ல. ஏழு வயதில் பெரியம்மை வந்து, பத்தொன்பது நாள் வாழையிலையில் கிடந்து பிழைத்து எழுந்தபோது, அந்த முகத்தில் விரல் நுனி வைக்க இடமில்லாமல் தழும்பு விழுந்திருந்தது. கிளியூருக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். நாலாவதாக வந்தவன் ஏற்கெனவே ஒருத்தியைப் பறிகொடுத்தவன். அவனும் கண்ணாயி என்று ஒரு மகளைக் கொடுத்துவிட்டு, எஸ்டேட்டில் மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்துப்போனான்.

ஏற்காட்டு மேட்டில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. எழுபத்தாறாம் வருஷம் அங்கே ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். மேட்ரன் ஒவ்வொருத்தியின் கையையும் நகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தாயியிடம் வந்ததும் கையைப் பார்க்கவில்லை. மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பெரியம்மையா?"

"ஆமாங்க. சின்னப் புள்ளையில வந்ததுங்க."

"அப்ப உனக்கு இனிமே அம்மையே வராது. நாளையில இருந்து வந்துடு."

மற்ற ஐந்து பேரும் மழமழவென்ற முகத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். தன் முகம் தனக்கு ஒரு நன்மை செய்துவிட்டது என்று அத்தாயி முதல்தடவையாக நினைத்தாள்.

அது நன்மை அல்ல, கணக்கு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பனி முடிந்து வெயில் தலைகாட்டும்போது அந்த விடுதிக்குள் சின்னம்மை புகுந்துவிடும். ஒரே கூரைக்குக் கீழே இருநூறு பிள்ளைகள். நோய்ப்பட்டவர்களைச் சிக் ரூமில் போட்டுப் பூட்டினால், உள்ளே போய்க் கழுவித் துடைக்க ஒரு ஆள் வேண்டும். சினிமாக் கொட்டகையில் தீயணைக்க மணல் வாளி தொங்குவதுபோல, அந்த விடுதியில் எப்போதும் தழும்பு முகத்தோடு ஒரு ஆயா இருந்தாள். பழையவள் செத்துப்போனதால் அத்தாயி வந்தாள்.

மூன்று வருஷம் அம்மை எட்டிப் பார்க்கவில்லை. படுக்கையறை கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும் போர்வை துவைப்பதுமாக அவளுக்குக் காலம் போயிற்று. பெற்றோர் வரும் நாளில் மட்டும் மேட்ரன் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "அத்தாயி, இன்னைக்கு முன்பக்கம் வராதே. புதுசாச் சேர்க்க வர்றவங்க உன்னைப் பார்த்தா என்னமோ ஏதோன்னு நினைப்பாங்க." அத்தாயி அன்றைக்குச் சமையல் கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்குவாள்.

சமையல்காரி வெள்ளையம்மாள் அவளைக் கேலி செய்வாள். "உன்ற மூஞ்சி கலெக்டரு காரு மாதிரி. தேவைப்பட்டாத்தான் வெளிய எடுக்கறாங்க."

"காருக்காச்சும் பெட்ரோல் ஊத்தறாங்க," என்பாள் அத்தாயி.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதக் கடைசியில் ஒரே நாளில் ஏழு பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுநாள் கொப்புளம். மேட்ரன் அத்தாயியைக் கூப்பிட்டனுப்பினாள். அத்தாயிக்கு அப்போது மனசெல்லாம் வீட்டில் இருந்தது. மகள் கண்ணாயி எட்டு மாசக் கர்ப்பம். போன வருஷம் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இந்த ஒன்றாவது உயிரோடு கையில் வந்து விழ வேண்டும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, மக மாசமா இருக்கறாளுங்க. நான் இதுங்களத் தொட்டுப்போட்டு ஊட்டுக்குப் போனா அவளுக்கு ஒட்டிக்காதுங்களா?"

"அதுக்குத்தான் இங்கயே தங்கிக்கச் சொல்றேன். பிள்ளைங்களுக்குக் கொப்புளம் காயட்டும். குளிச்சு முழுகிட்டுப் போ. உனக்கே வராதுங்கறப்ப, உங்கிட்ட இருந்து எப்படி ஒட்டும்?"

அதில் நியாயம் இருப்பதாகத்தான் அத்தாயிக்குப் பட்டது. மகளுக்காகவே அவள் சிக் ரூமைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். பன்னிரண்டு நாள். பிள்ளைகள் சொறியாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டாள். சீழ் துடைத்தாள். வாந்தி அள்ளினாள். சேலத்து மில்காரர் மகள் ஒருத்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, "ஆயா, எனக்கும் உன்னை மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டாள்.

"ஆவாது கண்ணு. எனக்கு வந்தது பெருசு. இது வேற. சொறியாம இருந்தீன்னா எடம் தெரியாமப் போயிரும்."

மூன்றாம் நாள் டாக்டர் பாக்கியநாதன் வந்தார். ஏற்காட்டுக் கடைவீதிக்கு மேலே கிளினிக் வைத்திருந்தவர், பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் டாக்டர். மேட்ரன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். டாக்டர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். தண்ணீர் ஊற்றியவள் அத்தாயி. அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மேட்ரன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். மேட்ரன் சுருக்கமாகப் பதில் சொன்னாள். அவர் மறுபடி அத்தாயியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னார். மேட்ரன் தலையை ஆட்டினாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அத்தாயிக்குத் தெரிந்தது. வேலையில் குறை ஏதும் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்து, அன்றைக்குத் தரையை இரண்டு தரம் துடைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. அத்தாயி வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் குளித்து, கட்டியிருந்த சேலையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, வெள்ளையம்மாள் கொடுத்த பழஞ்சேலையைக் கட்டிக்கொண்டு கிளியூருக்கு நடந்தாள். கண்ணாயி வாசலில் நின்றாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். அத்தாயி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு இரவு முழுக்க இடுப்பைத் தேய்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அத்தாயிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் கழுத்திலும் மார்பிலும் கொப்புளம்.

ஊர் திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. "அம்மை கண்ட மூஞ்சிக்கே மறுக்கா அம்மையா? ஆத்தாளுக்கு என்னமோ கொறை வெச்சுட்டா," என்றார்கள். மருமகன் சின்னன் வேப்பிலை செருகப் போனான். அத்தாயி அவனை விலக்கிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு ஏற்காட்டுக்கு நடந்தாள்.

டாக்டர் அவளைப் படிக்குக் கீழேயே நிறுத்திப் பார்த்தார்.

"சின்னம்மைதான். வரும்னு தெரியும். நான் அன்னைக்கே மேட்ரன்கிட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க சாமி?"

"பெரியம்மை வேற கிருமி, இது வேற கிருமி. அது வந்தவங்களுக்கு இது வராதுன்னு இல்லை. சின்னம்மை ஏற்கெனவே வந்தவங்கதான் உள்ள போகணும்னு சொன்னேன். மேட்ரனுக்கே சின்ன வயசுல வந்திருக்கு. அவங்களுக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கணுமாம். சரி, இந்தம்மாவை இருபத்தொரு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்கிட்டச் சொல்லலையா?"

அத்தாயி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னப்ப நானுந்தானுங்க அங்க நின்னேன். உங்க கையிக்குத் தண்ணி ஊத்திட்டு நின்னேன். எங்கிட்டயே தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

 டாக்டர் கெட்டவர் அல்ல. ஏழைகளுக்கு மருந்தைச் சும்மா கொடுப்பவர் என்று மலையில் பேர் உண்டு. ஆனால் நோயைப் பற்றிய பேச்சு என்றால் அது படித்தவரும் படித்தவரும் பேசிக்கொள்வது. தண்ணீர் ஊற்றுகிறவளுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அந்த உடம்பு சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போகிறது, அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று அவருக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று எந்த அரசாங்கமும் எண்ணிப் பார்த்ததில்லை.

கிளியூர்க்காரர்கள் ஆத்தாள் ஒருமுறை பார்த்துவிட்டால் மறுபடி வரமாட்டாள் என்று நம்பினார்கள். அது அறியாமை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்காதவர்களின் குற்றம் அது. ஆனால் மேட்ரன் படித்தவள். அவளுடைய கட்டடத்திலேயே எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இரண்டு நோயும் வேறு வேறு என்று படம் போட்டு அச்சடித்திருந்தது. டாக்டர் வேறு வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இதற்குப் பிறகும் அவள் அந்தப் பழைய நம்பிக்கையைக் காப்பாற்றியது பக்தியினால் அல்ல. ஏழையின் மூடநம்பிக்கை தன் வேலையை முடித்துக்கொடுக்கும்போது, அதை எதற்குக் கெடுப்பானேன் என்றுதான். சாமியே இல்லை என்று தெரிந்துகொண்டே உண்டியலுக்குக் காவல் இருக்கிற பூசாரிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

"மக மாசமா இருக்கறாளுங்க," என்றாள் அத்தாயி.

டாக்டரின் முகம் மாறியது. "எப்ப?"

"இன்னும் மூணு வாரத்துலீங்க."

"தனியா இரு. அவ பக்கமே போகாதே. பத்து நாளுல இருந்து இருபத்தொரு நாளுக்குள்ள தெரியும்."

சின்னனின் ராகிக் காட்டில் காட்டுப்பன்றி விரட்டப் போட்ட குடிசை ஒன்று இருந்தது. அத்தாயி அதில் போய்க் கிடந்தாள். சின்னன் கஞ்சிக் கலயத்தை வரப்பில் வைத்துவிட்டுப் போவான். அவள் கேட்பது ஒன்றுதான்: "கண்ணாயி மேலுக்கு எப்பிடி இருக்கறா?" "நல்லாத்தான் இருக்கறா அத்தை." மேலெல்லாம் எரிந்தது, மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் குத்தியது, ஆனாலும் அந்தப் பதில் வந்த நாளெல்லாம் அவளுக்கு நல்ல நாள்தான். பத்து ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவளுடைய கொப்புளம் காய்ந்தது. பதினைந்தாம் நாள் சின்னன் கலயத்தை வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றான்.  அத்தாயி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். இனி தள்ளி இருந்து என்ன ஆகப்போகிறது?

கண்ணாயியின் கன்னத்திலும் வயிற்றிலும் கொப்புளம் போட்டிருந்தது. இரண்டாம் நாள் வலி கண்டது. ஆண் பிள்ளை. அழுத்தமான குரல். பிறக்கும்போது மேலில் ஒரு பொட்டுக்கூட இல்லை. தப்பித்துவிட்டான் என்று அத்தாயி நினைத்தாள். ஏழாம் நாள் பொட்டு வந்தது. டாக்டர் பாக்கியநாதன், கூப்பிடாமலே, நடந்து கிளியூருக்கு வந்தார். பார்த்துவிட்டு, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு இறங்கச் சொன்னான். ஏறியிருந்தவர்கள் யாரும் அவனைத் தடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினான். பதினோராம் நாள் மூச்சை நிறுத்தினான்.

அத்தாயி பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். மேட்ரனும் ஆள் அனுப்பவில்லை. மறுவருஷம் மாசியில்தான் அனுப்பினாள். வந்தவர் வாட்ச்மேன் மரியஅந்தோணி. பள்ளிக்கூடத்து ஜீப்பிலேயே வந்திருந்தார்.

"ஏம்மா அத்தாயி, அஞ்சு பிள்ளைங்க படுத்துருச்சு. மேட்ரன் அம்மா உன்னைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க. உனக்கு இப்ப நெசமாவே வராதாமே, டாக்டரே சொல்லிட்டாராம்."

"நெசமாவே," என்றாள் அத்தாயி. 

 "நீ வர்லீன்னா மஞ்சக்குட்டை போவச் சொல்லியிருக்காங்க. அங்க ஒரு அம்மா, உன்னை மாதிரியே. மாதம்மாளாம். நேத்தே சொல்லி அனுப்பியாச்சு. நா என்ன பண்ணட்டும், வயித்துப் பொழப்பு."

"இருங்கண்ணே. நானும் வர்றேன்."

ஜீப்பில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனாள். மஞ்சக்குட்டையில் மாதம்மாள் மாற்றுச்சேலையையும் போர்வையையும் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதே தழும்பு முகம். காலுக்கடியில் பேத்தி ஒன்று தவழ்ந்தது. இறங்கி வந்த அத்தாயியின் முகத்தைப் பார்த்ததும், "நீங்களும் அங்கத்தான் வேலைங்களா?" என்று சிரித்தாள்.

அத்தாயி சொன்னாள். கிருமி இரண்டு என்று சொன்னாள். இருபத்தொரு நாள் என்று சொன்னாள். டாக்டர் அவளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் தமிழில், நிறுத்தி நிறுத்தி, பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோலச் சொன்னாள். கடைசியில் பேரன் போனதையும் சொன்னாள். மரியஅந்தோணி ஜீப்பின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். தடுக்கவில்லை.

மாதம்மாளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வேலை என்று ஒன்று வாசல் தேடி வந்தது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல்தடவை.

"ஒருதரம் வந்தா வராதுன்னுதானுங்களே எல்லாரும் சொல்றாங்க."

"எனக்கும் சொன்னாங்க."

"உங்க பேரனுக்கு என்ன பேருங்க வெச்சிருந்தீங்க?"

"பேரு வெக்கலீங்க. அதுக்கு நாளு பத்தலை."

மாதம்மாள் குனிந்து பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டையை ஒரு கையால் இழுத்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.