ஏழு மணி வண்டியும் தகரக் கதவும்

ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அதுதான் ஏற்பாடு. தகரக் கதவு, உள்பக்கம் ஒரு கொக்கி. எழுபதுகளில் அந்தக் கதவுக்குப் பின்னால் நான் பட்ட பாட்டை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொல்கிற விஷயமும் இல்லை. ஆனால் ஒரு ஆள் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் மேஸ்திரி. ஏழு மணி வண்டிக்குப் போவார். நான் ஊரிலேயே ஒரு நெல் மில்லில் மூட்டை தைத்தேன். எட்டரைக்குப் போனால் போதும். காலையில் சாப்பிட்டுச் சூடாக டீ குடித்ததும், ஆறரை மணி வாக்கில் எனக்கு வயிறு கூப்பிடும். அவருக்கும் அதே நேரம்தான். நான் உள்ளே போய் உட்கார்ந்த அடுத்த நிமிஷம் தகரம் அதிரும். கையிலிருக்கும் சொம்பாலேயே தட்டுவார்.

"இன்னா நைனா, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? நான் வண்டிக்குப் போறவன்யா. மில்லுக்காரன், உனக்கு இன்னா அவசரம்? அப்பால வா."

எழுந்து வந்துவிடுவேன். அவர் போன பிறகு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. சாயங்காலம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் கேட்பார்: "இன்னிக்காவது ஆச்சா, இல்ல நாளைக்குத் தள்ளி வெச்சிக்கினியா?" கடையே சிரிக்கும். நான் கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வயல் பக்கம் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போனேன். அங்கே ஆண்கள் வரப்போரம் உட்கார்ந்து பீடி பிடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் என் உடம்பு பூட்டிக்கொள்ளும்.

நாலு நாள், ஐந்து நாள் என்று ஆனது. கடையில் பேதி மாத்திரை வாங்கினேன். முதலில் வாரம் ஒன்று, பிறகு தினம் ஒன்று, பிறகு இரண்டு. அதுவும் கேட்காமல் போய், ஒரு நாள் முக்கியதில் ரத்தம் வந்தது. என் மனைவி பயந்துபோய்க் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "முக்கி முக்கி ஆசனவாய்ல வெடிப்பு வந்திருக்கு. இப்படியே விட்டா ஆபரேஷன் வரைக்கும் போகும்" என்றார். "உனக்கு எப்ப வருது?"

"காலைல, சாப்ட உடனே."

"அப்பவே போக வேண்டியதுதானே?"

என் மனைவிதான் சொன்னாள்: "பக்கத்தூட்டு மேஸ்திரி கதவத் தட்றாருமா. இது எழுந்து வந்துடுது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாப்பாடு உள்ள போனா குடல் அசையும். அதுதான் நல்ல நேரம். நீ அடக்க அடக்க அது காஞ்சு கல்லாயிடுது. கொஞ்ச நாள்ல குடல் கூப்பிடறதையே விட்டுடும். மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து. தண்ணி நிறைய குடி. தினம் கீரை, கொய்யா சாப்பிடு. கூப்பிடும்போது போ. பத்து நிமிஷம் உட்காரு, முக்காதே. யார் தட்டினாலும் எழுந்திருக்காதே."

கடைசி வார்த்தை ஒன்றுதான் எனக்கு மருந்தாகப் பட்டது. வைத்தியமே அவரைப் பழிவாங்கச் சொல்லும்போது நான் ஏன் தயங்க வேண்டும்?

மறுநாள் ஆறரைக்குப் போய்க் கொக்கியைப் போட்டேன். தகரம் அதிர்ந்தது.

"யோவ், வண்டி வர்ற நேரம்யா!"

"இன்னும் ஆவல" என்றேன்.

"இன்னாது?"

"இன்னும் ஆவல, மேஸ்திரி. அப்பால வாங்க."

அவர் கத்தினார், உதைத்தார், என் அப்பா வரைக்கும் இழுத்தார். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். யாரோ ஒரு பெண் சிரித்தாள். இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. டாக்டரம்மா சொன்ன பத்து நிமிஷம் தாண்டியும் நான் எழுந்திருக்கவில்லை. வண்டி வந்து நின்று, ஊதிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு உள்ளே ஏதோ தளர்ந்தது. மாத்திரை இல்லாமல், வலி இல்லாமல் அன்றுதான் போனேன். கதவைத் திறந்தபோது மேஸ்திரி சொம்போடு நின்றுகொண்டிருந்தார். சட்டை, பேண்ட், காலில் பூட்ஸ் எல்லாம் போட்டு ரெடியாக இருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அந்த வாரம் மூன்று நாள் வண்டியைத் தவறவிட்டார். அப்புறம் விடியுமுன்னே, வயிறு கூப்பிடாத நேரத்தில், போய் உட்கார ஆரம்பித்தார். சில மாதத்தில் முகம் வற்றிப்போனது. ஒரு நாள் மில் வாசலில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நைனா, உனக்கு அந்தத் தொந்தரவு இருந்துச்சே... இன்னா மருந்து குடுத்தாங்க?"

"மருந்து ஒண்ணும் குடுக்கல, மேஸ்திரி."

பொய் இல்லை. அவர் எதிரே இருந்த கடைக்குப் போய்ப் பேதி மாத்திரை கேட்டார். நான் கூப்பிட்டிருக்கலாம். ஊசியில் சணலைக் கோத்து அடுத்த மூட்டையைத் தைக்கத் தொடங்கினேன்.

டாக்டரம்மா சொன்ன அத்தனையும் மேலே எழுதியிருக்கிறேன். யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சொல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை.