கேத வீட்டுக்கு ஒரு வில்லன்

நான் தமிழ் வாத்தியார். ஒரு கதையை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, இதில் கதைத்தலைவன் யார், அவனுக்கு எதிராளி யார், இரண்டு பேருக்கும் நடுவில் என்ன மோதல் என்று கேட்பது என் பிழைப்பு. பிள்ளைகள் பெரும்பாலும் மீசை வைத்தவனை எதிராளி என்று எழுதிவிடுவார்கள். மீசை வைத்த நான் அதைத் திருத்துவேன். மனிதன் மனிதனோடு மோதலாம், மழையோடு மோதலாம், ஊரோடு மோதலாம், தன்னோடு தானே மோதிக்கொள்ளலாம் என்று போர்டில் எழுதிப் போடுவேன். வருடா வருடம் எழுதிப் போட்டும் அந்தப் பாடம் எனக்கு நிஜமாகத் தேவைப்பட்டது ஒரு தடவைதான். அதில் நான் பாஸாகவில்லை.

என் மனைவிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. இரண்டு பேருக்கும் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் அடுத்தடுத்துத் திராட்சைத் தோட்டம். நடுவில் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், முறை வைக்காமல் சண்டை போடுவார்கள். அந்தக் காலாண்டு லீவுக்கு நான் அல்லிநகரத்திலிருந்து மனைவியோடு அங்கே போயிருந்தேன். சாயங்காலம் மோட்டார் ரூம் பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது சண்டை ஆரம்பித்தது.

"ஏலே, ஒன் முறை முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. மோட்டார நிப்பாட்டு" என்றார் பெரிய மச்சான்.

"நடுவுல கரண்டு போச்சே, அது யாரு கணக்கு?" என்றார் சின்ன மச்சான்.

"அத ஈபிக்காரன்ட்டப் போயிக் கேளு."

"அவனா எனக்கு அண்ணனாப் பொறந்தான்? ஒன்கிட்டத்தான் கேக்க முடியும்."

"நான் செத்தாத்தாண்டா ஒனக்கு விடிவு."

"எப்பன்னு சொல்லு. அன்னைக்கு மோட்டார நிப்பாட்டுறேன்."

நான் டீயைத் துப்பிச் சிரித்தேன். திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். பெரிய மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கேட்டீகளா மாப்ள, எந்தம்பியோட பாசத்த" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. வரப்பைத் தாண்டி ஓடிவந்து அவரைத் தூக்கிக் காரில் போட்டது சின்ன மச்சான்தான். கம்பத்தில் பார்த்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு உடனே தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சின்ன மச்சான் ஓட்டினார். பின் சீட்டில் நான், என் மடியில் பெரிய மச்சானின் தலை. தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குத் தெரிந்திருந்ததைத்தான் அங்கிருந்த டாக்டரும் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை. அவள் வந்து சேர மறுநாள் காலையாகும் என்பதால் ஐஸ் பெட்டி வந்தது, வாசலில் பந்தல் போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. எங்கள் பக்கம் கேதத்துக்கு வருகிற ஆண்கள் முதலில் வாசலில் வரிசையாக நிற்கும் வீட்டுக்காரர்களின் கையைத் தொடுவார்கள். பிறகு மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும், "எப்பிடி ஆச்சு?" என்று கேட்பார்கள்.

அதற்குப் பதில் சொல்கிற வேலை எனக்கு வந்தது. கூடவே இருந்தவன் நான். போதாததற்கு, "வாத்தியாரு கோர்வையாச் சொல்லுவாரு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி போய் ஆட்களைச் சிரிக்கவைக்கிற வாய் என்னுடையது. கேத வீட்டில் அதைச் சும்மா வைத்திருக்கத் தெரியவில்லை. முதல் ஆட்களுக்குச் சொன்னபோது திக்கியது. அப்புறம் திக்கல் போய்விட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. கதையை மோதலில் தொடங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் இப்படித்தான் தொடங்கினேன்: "முந்தின நா சாயங்காலங்கூட நல்லாத்தான் இருந்தாக. மோட்டார் ரூம்ல ரெண்டு பேரும் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாக."

'வழக்கம்போல' யார் காதிலும் விழவில்லை.

"சத்தமா? என்ன சத்தம்?"

நான் மென்று முழுங்குவதற்குள், முந்தின நாள் சிரித்த கவாத்துப் பெண்களில் ஒருத்தி, அந்த மோட்டார் பேச்சை அழுதுகொண்டே சொன்னாள். அழுகையோடு கேட்டபோது அது வேறு பேச்சாக இருந்தது.

வேறு காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள். திராட்சைக் கமிஷன் மண்டிக்காரர், "மழை பேஞ்சு பழமெல்லாம் வெடிச்சுப்போச்சுல்ல, அந்தக் கவலைதான்" என்றார். இன்னொருத்தர், "பிரசர் மாத்திரைய ஒழுங்கா முழுங்கிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். எதுவும் நிற்கவில்லை. மழையை யாரும் முறைக்க முடியாது. செத்தவரை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து குறை சொல்லவும் முடியாது. சின்ன மச்சானோ கண்ணுக்கு எதிரில், வரிசையின் கடைசியில், கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் நான் அதைப் பார்த்தேன். வந்தவர்கள் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே வருகிறார்கள், அவருக்கு முன்னால் வந்ததும் வீட்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர் நீட்டிய கையை மடக்காமல் அடுத்த ஆளுக்காக அப்படியே வைத்திருந்தார்.

பங்காளிகளில் மூத்தவர்கள் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பளப் பிள்ளை இல்ல. கொள்ளி யாரு வைக்கிறது?"

"தம்பி இருக்கான்ல."

"இருக்கான். வைக்கலாமாங்கிறதுதான பேச்சு."

"பெரியப்பா மகன் ஒருத்தன் வைக்கட்டும். எதுக்கும் காலைல மக வரட்டும், கேட்டுக்கிருவோம்."

என் மனைவி வாசல்படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"இங்கன வாங்க. எல்லார்ட்டயும் என்னத்தச் சொல்லிக்கிட்டு இருக்கீக?"

"நடந்ததத்தான்."

"நடந்ததச் சொன்னா எந்தம்பி கைய ஏன் ஒருத்தரும் தொட மாட்டேங்குறாக?"

அடுத்து வந்தவர்களுக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். தம்பிக்காரர் ஓடிவந்து தூக்கியதிலிருந்து தொடங்கினேன். ஒருத்தர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி வாத்தியாரே, முந்தின நா என்னமோ சண்டையாமே, அதச் சொல்லுங்க" என்றார். நான் தொடங்கிவைத்த கதை எனக்கு முன்னாலேயே பஸ் பிடித்து ஊர் ஊராகப் போயிருந்தது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. காருக்குள் அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பேசிக்கொண்டது. சொன்னால் சின்ன மச்சானை இருக்கிற இடம் தெரியாமல் ஆக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்தார்.

"அத்தான், வண்டிக்குள்ள பேசுனதச் சொல்லிப்புட்டீகளா?"

"இல்ல."

"சொல்லாதீக. நான் அப்பிடிப் பேசிருக்கக் கூடாது. இவுக சொல்றது சரிதான் போல."

காலையில் மகள் வந்தாள். வரிசையில் நின்ற எல்லோர் கையையும் பிடித்து அழுதாள். கடைசிக் கையை அவளும் தொடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, என்னைக் கொல்லைப்பக்கம் தண்ணீர் டேங்குக்கு அருகில் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, பஸ்ஸுல வரும்போதே ஆளாளுக்குப் போன் பண்ணிட்டாக. சித்தப்பா பேசுன பேச்சுலதான் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சுன்னு. கொள்ளி யாரு வைக்கணும்னு என்கிட்டத்தான் கேக்கப் போறாக. நீங்க வண்டில இருந்தீக. அப்பா என்ன பேசுனாக?"

"தலையத் தாங்கிப் பிடிச்சிருந்தேன் தாயி, எனக்குச் சரியாக் காது கேக்கல" என்றேன்.

"உங்களுக்கா மாமா கேக்கல?" என்றாள். வேறு வழியில்லாமல், மோட்டாரையும் முந்தின நாளையும் விட்டுவிட்டு, காருக்குள் இருந்து தொடங்கினேன்.

உத்தமபாளையம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கிடந்த பெரிய மச்சான் கண்ணைத் திறந்து, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, லாரிக்குப் பின்னாடி போகாதன்னு எத்தன தடவ சொல்றது" என்றார்.

"வாய மூடிக்கிட்டு வாண்ணே" என்றார் சின்ன மச்சான்.

"நீ ஓட்டுற லட்சணத்துக்கு…" என்றார் பெரிய மச்சான். அதை முடிக்கவில்லை.

லாரியைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு சின்ன மச்சான், "அண்ணன் என்ன பேசாம வாராக?" என்று கேட்டார். என் மடியில் தலை கனத்திருந்தது. 'நீதான மூடச் சொன்ன' என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழக்கதோஷம். இந்த வாய்க்கு இடம் பொருள் தெரியாது. அன்றைக்கு எந்தச் சாமி புண்ணியமோ, அது வெளியே வரவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது அவள் டேங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாய மூடிக்கிட்டு வான்னா சொன்னாக?"

"ஆமா தாயி. ஆனா அந்த மனுசன் பயத்துல…"

"அப்பா லாரியப் பத்தியா சொன்னாக?"

"ஆமா."

அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையானது. வந்ததிலிருந்து அவள் அப்படி அழவில்லை.

"எனக்கு வண்டி ஓட்டப் பழக்குனது சித்தப்பாதான் மாமா. அப்பா பின்னாடி உக்காந்துக்கிட்டு இதையேதான் சொல்லுவாக. லாரிக்குப் பின்னாடி போகாத, பஸ்ஸுக்குப் பின்னாடி போகாத. சித்தப்பா வாய மூடிக்கிட்டு வாம்பாக. நான் சிரிச்சுச் சிரிச்சு வண்டிய அங்கிட்டும் இங்கிட்டும் ஒடிப்பேன்." முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "அப்ப கடைசி வரைக்கும் அவுக ரெண்டு பேரும் எப்பவும் போலத்தான் பேசிக்கிட்டு வந்திருக்காக."

"எப்பவும் போலத்தான்."

"இத ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

எந்தப் பேச்சு அவரை மாட்டிவிடும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது காப்பாற்றும் என்பது, அந்த இரண்டு பேரோடும் அந்தக் காரில் போய் வளர்ந்தவளுக்குத்தான் தெரியும். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்கே தெரியவில்லை.

அவள் வாசலுக்குப் போனாள். வரிசையின் கடைசியில் நின்றிருந்தவரின் இரண்டு கையையும் பிடித்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சித்தப்பா, போயி மொட்டை போட்டுக் குளிச்சுட்டு வாங்க. நேரமாகுது."

கொள்ளி வைக்கிறவர்தான் மொட்டை போட வேண்டும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மூத்த பங்காளி ஒருத்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இல்ல தாயி, நாங்க என்ன பேசிருக்கோம்னா…"

"எங்கப்பாவுக்கு யாரு வைக்கணும்னு என்கிட்டத்தான கேக்குறதா இருந்தீக தாத்தா. சொல்லிட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலிருந்தவரிடம், "முடி எடுக்குற ஆளு எங்க போனாரு?" என்று விசாரித்தார்.

சாயங்காலம் புறப்பட்டோம். கொட்டுக்காரர்களுக்குப் பின்னால், மழித்த தலையோடு, கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சின்ன மச்சான் நடந்தார். சுடுகாட்டுக்குப் போக மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ரோட்டில் ஏறுகிற இடத்தில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டி, ஊர்ந்து ஊர்ந்து முன்னால் போனது. சின்ன மச்சான் நின்றுவிட்டார். பின்னால் பாடையைத் தூக்கி வந்தவர்களும் நின்றார்கள்.

"என்னப்பா நின்னுட்ட?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்த லாரி போகட்டும்" என்றார் அவர்.

கொட்டு தானாக நின்றது. ஆண்கள் மட்டும் போகிற இடத்துக்குத் தானும் வருவேன் என்று செருப்பில்லாமல் வந்திருந்த மகள், எனக்குப் பக்கத்தில் நின்றாள். வாயைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தாள். லாரி வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும், தூக்கியவர்கள் தோள்கூட மாற்றிக்கொள்ளாமல், எல்லோரும் அங்கேயே நின்றோம்.