சேருக்குக் கிடைத்த தண்டனை

மாத்தளையில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்குள் அந்தச் சிவப்பு வண்டி முதல் தடவை நுழைந்தபோது நாங்கள் ஏழு பேர் எழுந்து நின்றுவிட்டோம். ஒருத்தன் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கியே விட்டான். ஓட்டி வந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிசிப்ளின் மாஸ்டர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர். பென்சன் எடுத்து இரண்டு மாதம் வீட்டில் இருந்திருக்கிறார். குசினியில் சட்டி பானைகளை உயரப்படி வரிசையாக நிற்கவைத்த அன்றைக்கு, "நீங்க வெளியில எங்கயாச்சும் போய் இருங்க" என்று மனைவி துரத்திவிட்டதால் ஆட்டோ ஓட்ட வந்ததாக அவரே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் சிரித்து எங்களுக்குப் பழக்கமில்லை.

நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டதற்குக் கணக்குப் பாடம் பாதிக் காரணம், சேர் மீதிக் காரணம். பிரம்பு முதலில் விரல் முட்டியில் விழும். கையை இழுத்தால் தொடையில் விழும். தொடையைத் தடவினால் தடவிய கையில் விழும். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறை. சிவப்பு வண்டி நுழைந்த அன்றைக்கு எழுந்து நிற்காத ஒரே ஆள், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ஸ்டாண்டுத் தலைவர், அவர் வாங்கியதுதான் பெரிய அடி. பதினான்கு வயதில், காலைக் கூட்டத்தில் சிரித்ததற்காக சேர் அறைந்த அறையில் காதிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டைக் காலரை நனைத்ததை நான் சின்ன வகுப்பு வரிசையில் நின்று பார்த்தேன். அந்தக் காது அதோடு செத்துப்போயிற்று.

அப்படியிருந்தும் அண்ணன், "வரட்டும். வரிசையில கடைசி" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரம், பல்லேபொலைக்குப் போக மிளகு மூட்டையோடு வந்த ஒரு அக்கா, தன் மகனுக்குப் படிப்பித்த சேர் என்று நேரே கடைசி வண்டியில் ஏறினார். சேரும் அந்த ஹயரை, வரிசையில் முதலில் நின்றவனுக்கு உரிய சவாரியை, எடுத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் தாண்டிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவருக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை.

சேர் திரும்பி வந்து இறங்கியதும் அண்ணன் அறைந்தார். சேரின் கண்ணாடி ரோட்டில் விழுந்து உடைந்தது.

"இது ஹயருக்கு இல்ல சேர். என் காதுக்கு."

சேரின் கை பழைய வேகத்திலேயே வந்தது. சட்டையைப் பிடித்து அண்ணனின் தலையை வண்டிக் கம்பியில் இரண்டு தரம் மோதினார். அண்ணன் திருப்பி முட்டியதில் சேரின் உதடு கிழிந்தது. நாங்கள் பிரித்தபோது எந்தச் சட்டையில் யார் ரத்தம் என்று தெரியவில்லை. நடுவில் புகுந்த எனக்கும் இரண்டு விழுந்தது, வழக்கம் போல.

ஸ்டாண்டில் கை நீட்டினால் ஒரு வாரம் வண்டி ஓட்டக் கூடாது. தலைவருக்கும் அதே சட்டம்தான். "எனக்குமா?" என்றார் சேர். அடித்ததற்காக அவர் தண்டனை வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நான் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தேன். வீட்டிலும் இருக்க முடியாமல், இங்கேயும் இடமில்லாமல் அந்த மனிதர் எங்கே போவார் என்று யோசிக்கிற பக்குவம் எனக்கு அப்போது இல்லை.

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி இல்லாமல் சீமெந்துத் திண்டில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் என்னவோ பேசினார். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அண்ணன் கொட்டாவி விட்டார். சேர் உட்கார்ந்தது செத்த காதுப் பக்கம். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. அதிகமாக ரசித்தவன் நான்தான். இன்றைக்கு நினைத்தால், அதுவும் ஒரு அடிதான்.

நாலாம் நாள் சேர் என் வண்டியருகே வந்து குனிந்தார்.

"டேய், நான் அவனுக்கு அடிச்சது எந்தக் காதுல?"

"அடிச்சது நீங்க. என்கிட்ட வந்து கேக்குறீங்களே சேர்."

"ஞாபகம் இல்லடா. எத்தன பேர அடிச்சிருக்கேன்."

என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

சேர் திரும்பிப் போய், திண்டைச் சுற்றி நடந்து, அண்ணனின் வலது பக்கம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இப்பதான் கேக்குது சேர். முதல்ல இருந்து சொல்லுங்க."