வேலி மரத்தில் விழுந்த முதல் வெட்டு

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கைந்து வருடம் தயங்கினேன். சாமி விஷயத்தில் வாயைத் திறந்தால் மனஸ்தாபம் வரும் என்ற பயம்தான்.

பன்வில பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்துக்கு மேலே தேயிலை பட்டுப்போன ஒரு சரிவு. அதில் ஆறு குடும்பம் போஞ்சி, கோவா என்று காய்கறி போட்டிருந்தோம். கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு போதவில்லை, அந்தச் சரிவு முழுக்க விறகு மரம் நடப்போகிறோம் என்று தோட்டத்து ஆபீஸில் சொன்னார்கள். நாங்கள் போய்க் கெஞ்சியதும் வெளிக்கள உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார்.

"ஒலகம் பூரா இப்ப எரிக்கிறதுக்குன்னே மரம் நடுறாங்க. சாப்பாட்டு நெலத்தையும் அதுக்கு எடுத்தா என்னத்த திங்கிறது? வேலியில கிளிசரியா நடுங்க, வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். வருசா வருசம் விறகு வெட்டிக் குடுத்தா மரக்கறி நெலம் ஒங்களுக்கு. குடுக்கலன்னா எங்களுக்கு."

கிளிசரியாக் கம்பு நட்ட வாரம் மழையே இல்லை. வேர் பிடிக்க வேண்டுமென்று மாரியம்மனை வேண்டி, என் முதல் கம்பில் மஞ்சள் துணி கட்டினேன். பார்த்தவர்கள் தங்கள் கம்புகளிலும் கட்டினார்கள். எல்லாம் தளிர்த்தது. அம்மன் என் கனவில் வந்து கட்டச் சொன்னதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என் தப்பு.

இரண்டாம் வருடம் வெட்டும் நாள் வந்தபோது ஒருவரும் கத்தியை எடுக்கவில்லை.

"அம்மன் குடியிருக்கிற மரத்துல கத்திய வச்சா கை வெளங்குமாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அப்ப அடுத்த மாசம் போஞ்சியும் அம்மன்கிட்டயே கேளு," என்றார் என் வீட்டுக்காரர்.

சனிக்கிழமைக்குள் விறகு வராவிட்டால் நிலத்தை அளக்க ஆள் வரும் என்று ஆபீஸிலிருந்து சொல்லியனுப்பினார்கள். தேயிலைச் செடியையும் கும்பிட்டுவிட்டுத்தானே, திரும்பத் துளிர்க்கட்டும் என்று கவ்வாத்து வெட்டுகிறோம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை தலை முழுகி, வேலியோரம் சூடம் கொளுத்தினேன். "எனக்குக் கனவு ஒண்ணும் வரல. நாந்தான் பேசாம இருந்துட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியால் முதல் மரத்தை இடுப்பளவில் சாய்வாக வெட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. அப்படியே எங்க வேலியையும் வெட்டிருங்கக்கா!"

சிரிப்போடு வேலை நடந்தது. சாயங்காலத்துக்குள் விறகு இறங்கிவிட்டது. வெட்டிய இடமெல்லாம் துளிர்த்து, இன்றுவரை விறகும் போகிறது, போஞ்சியும் எங்களுக்கே. எல்லாம் அம்மன் கொடுத்தது.

இப்போது நான் வெட்டியதும் மழை கொட்டியதாக ஒரு பேச்சு. அன்று நல்ல வெயில். தயவுசெய்து யாரிடம் சொன்னாலும் வெயில் என்றே சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாலே அவள் மகிமைக்குப் போதும்.