வயிறு பெருக்கும், குட்டி வராது

ஒரு விடுகதை. வயிறு பெருக்கும், குட்டி வராது. குடம் குடமாய்க் குடிக்கும், தாகம் தீராது. வெளியே வழிந்தால் ஆபத்து, வழியாமல் நின்றால் பேராபத்து. அது என்ன?

விருத்தாசலத்தில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு விடை மனப்பாடம்: பெட்டை நாயின் கருப்பையில் சீழ் கட்டுவது. பருவம் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் தலைகாட்டும். காலத்தில் தெரிந்தால் கருப்பையை எடுத்து நாயைக் காப்பாற்றிவிடலாம். தெரியாமல் போவதற்குத்தான் எத்தனை வழிகள்! நாய் வளர்த்து அவதிப்படும் நீங்களும் அதில் ஒன்றிரண்டு வழிகளில் போய்வந்திருப்பீர்கள்.

வாளி

நல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் நாயைச் சாக்கில் சுற்றி, பைக்கில் கொண்டுவந்தார். பத்து நாளாக அது ஓயாமல் தண்ணீர் குடித்ததாம், வாசலை நனைத்ததாம். அவர் தண்ணீர் வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சீழின் நஞ்சு சிறுநீரகத்தைத் தொடும்போது வருகிற தாகம் அது. குடித்த தண்ணீர்தான் அதுவரை நாயைத் தாங்கியிருக்கிறது.

ஈறு வெளுத்து, கண் குழி விழுந்திருந்தது. சலைன் பாட்டில் பாதி இறங்குவதற்குள் இறந்துபோனது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் நம்பிக்கையோடு கேட்டார்: “ஆனா வாசல நனைக்கறது நின்னுபோச்சுங்க டாக்டரம்மா. அப்ப கொணமாயிட்டு வருதுன்னுதானே அர்த்தம்?”

முட்டை

ஒரு கணவனும் மனைவியும் வயிறு பெருத்த நாயோடு வந்தார்கள். எத்தனை குட்டி என்று தெரிய வேண்டுமாம். தினம் இரண்டு அவித்த முட்டை, படுக்கப் பழைய புடவை, எல்லாம் நடந்திருக்கிறது. ஸ்கேனில் ஒரு குட்டியும் இல்லை. கருப்பையின் வாய் மூடிக்கொண்டதால் ஒரு சொட்டும் வெளியே வராமல் உள்ளே சீழ் நிறைந்திருந்தது. அன்றைக்கே அறுவை செய்தேன். அந்த நாய் பிழைத்தது.

எடுத்த கருப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினேன். கணவர் அதையே பார்த்துக்கொண்டு, “சேத்தியாத்தோப்பு மச்சானுக்கு ஒரு குட்டி தரேன்னு சொல்லிட்டேனே” என்றார். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இந்தத் தட்ட எடுத்துட்டுப் போயி குடுங்க.”

கூழ்

செல்வம் ஒரு செராமிக் பட்டறையில் அச்சுகளில் மண் கூழ் ஊற்றுகிறவர். அவர் வீட்டு நாய் அம்மு. காலையில் அவரோடு பட்டறைக்குப் போய், அச்சு அடுக்கியிருக்கும் ஈரத் தரையில் படுத்துக்கொள்ளும். அதன் பின்னங்காலில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. மண் கூழ்தான் என்று செல்வம் தினமும் சாயங்காலம் குழாயடியில் கழுவிவிட்டார். பன்னிரண்டு நாள் கழுவியிருக்கிறார். சாப்பாட்டை நிறுத்திய பிறகுதான் என்னிடம் வந்தார். கூடவே நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் பவித்ராவும் வந்தாள்.

பஞ்சில் அதைத் தொட்டு எடுத்தேன். மண் கூழ் என்றால் காய்ந்து விரலில் பொடியாக உதிரும். இது உதிரவில்லை, நாறியது. செல்வம் பஞ்சை வாங்கித் தானே முகர்ந்து பார்த்தார். “இருவது வருசமா இந்தக் கூழுலதாங்க என் கையே இருக்குது. எனக்கே தெரியலியே.”

இரண்டு குட்டிகள்

அன்று மதியமே அம்முவுக்கு அறுவை செய்தேன். கருப்பையை எடுத்தாகிவிட்டது, கெட்ட சிறுநீரகம் மீளவில்லை. மூன்றாம் நாள் அம்மு இறந்தது.

ஒரு மாதம் கழித்து அப்பாவும் மகளும் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். பட்டறைக் காவல்காரர் கொடுத்த இரண்டு குட்டிகள் உள்ளே இருந்தன: ஆண் ஒன்று, பெட்டை ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். “ஆண் குட்டியே போதும்னா பாப்பா கேக்க மாட்டேங்குதுங்க. அந்தப் பொட்டைக்கி அம்மு மாதிரியே நெத்தியில வெள்ள இருக்குதாம்” என்றார் செல்வம்.

இரண்டையும் பார்த்தேன். இரண்டும் ஆரோக்கியம். பெட்டையானாலும் பயமில்லை, உரிய வயதில் கருப்பையை எடுத்துவிட்டால் இந்த நோயே வராது என்றேன்.

பவித்ரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப அம்முவுக்கு ஏன் பண்ணல?”

செல்வமும் என்னைப் பார்த்தார். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அம்முவை அவர் வருடம் தவறாமல் என்னிடம்தான் கொண்டுவந்தார். வருடம் தவறாமல் நான் ஊசியை மட்டும் போட்டு அனுப்பினேன்.

“சொல்லியிருக்கணும்மா. சொல்லல” என்றேன்.

அவள் பெட்டைக் குட்டியின் நெற்றி வெள்ளையை ஒருமுறை தடவினாள். பிறகு ஆண் குட்டியை எடுத்துக்கொண்டாள்.