நான் படிக்காமல் விட்ட வரி

எங்கள் தெருவில் கடுதாசி படிக்கத் தெரிந்த ஆள் அப்போது நான் ஒருவன்தான். திண்டிவனத்தில் மூன்றாம் பாரம் வரை படித்துவிட்டு, ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டிருந்தேன். படித்தவன் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. யாருக்காவது கடுதாசி வந்தால் நாலு பேர் கூடட்டும் என்று காத்திருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு வரியை மட்டும் படிக்காமல் விட்டேன்.

என் தங்கை கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே துணிக்கடையில் வேலை. அவர் அங்கே போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுதந்திரம் வந்த வருஷம், ஏழு மாசக் கர்ப்பத்தோடு அவள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் பிறந்தான். அவனுக்கு எட்டு மாசம் ஆனபோது மாப்பிள்ளையிடமிருந்து கடுதாசி வந்தது. தங்கைக்கு எழுத்து தெரியாது. தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா எழுதிக்கிறாரு? ஜல்தி படிண்ணா!"

படித்தேன். கடை நடக்கிறது, மழை பெய்கிறது, பிள்ளைக்குப் பல் முளைத்ததா. அப்புறம் அந்த வரி: 'இந்தியாக்காரர்கள் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்குச் சட்டம் வரப்போகிறது. பெண்டாட்டி பிள்ளைகளும் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்கிறார்கள். மச்சான், இந்த மாசத்துக்குள் அவளை எப்படியாவது ரயிலேற்றி விடுங்கள்.'

கண் படித்தது, வாய் படிக்கவில்லை. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்ற கடைசி வரிக்குத் தாவிவிட்டேன்.

எல்லாம் காதுகுத்துக்காக. மயிலம் கோயிலில் பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் நான். பிள்ளையின் பதினோராம் மாசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குள் மல்லாட்டையும் பிடுங்கிவிடலாம். ரேஷன் காலத்தில் தங்கை கல்யாணத்தைக் கஞ்சிக்கு வழியில்லாதவன் மாதிரி முடித்தான் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்த வாய்களை அடைக்க வேண்டாமா? இரண்டு மாசம் முன்னே பின்னே போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். படுபாவி, முழுகத்தான் முழுகியது.

இன்னொரு கடுதாசியும் வந்தது. அதையும் அதே மாதிரி படித்தேன். பதிலே போடாமல் காதுகுத்துப் பத்திரிகையை மட்டும் கொழும்புக்கு அனுப்பினேன்.

காதுகுத்து ஜாம் ஜாம் என்று நடந்தது. மேளம், சீர்த்தட்டு, பந்தி. பிள்ளை என் மடியில் வீறிட்டு அழுதான். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விழுப்புரம் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய்த் தாயையும் பிள்ளையையும் கொழும்புக் கப்பலுக்குப் போகும் போட் மெயிலில் ஏற்றினேன். அவள் வந்து பதினான்கு மாசம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளை சொன்னபடியே சட்டம் வந்தது. மனு போட்டார். பெண்டாட்டி தொடர்ந்து குடியிருக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். குடியுரிமைத் தாள் இல்லாததால் கடை வேலையும் போயிற்று. மூன்று பேரும் திரும்பி வருவதாகத் தந்தி வந்தது.

அதே ஜங்ஷனுக்குப் போனேன். இரண்டு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய். மாப்பிள்ளை பாதியாக இளைத்திருந்தார். பையன் காதில் நான் போட்ட கடுக்கன் இல்லை, டிக்கெட்டுக்குப் போயிருக்கும்.

"ரெண்டு கடுதாசி போட்டேனே மச்சான். ஒண்ணுகூடவா வரல?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

பக்கத்திலேயே தங்கை நின்றாள். இரண்டையும் தன் கையால் வாங்கி என்னிடம் கொடுத்தவள் அவள்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று இப்போது எழுதினால் அதுவும் பொய்.

"வரலியே மாப்ளே," என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லித் தொலையேன்டி, இத்தனை பேர் முன்னால் என் மூஞ்சியில் காறித் துப்பேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, வரலீங்க. வந்திருந்தா எங்க அண்ணன் படிச்சிருக்காதா?"