வளைவு வாந்தி என்று நினைத்தேன்

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ரை என்ற தானியம் சத்தானது, கோதுமையும் இல்லை என்று நம்பி, அந்த மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டதும் மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் கிளம்பினோம். போடிமெட்டு மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்தாள். இந்த ரோட்டில் யார்தான் எடுக்கவில்லை? எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கண்ணாடியில் பார்த்த டிரைவர் பதறினார். "யக்கா, இது வளைவு வாந்தி இல்ல. பிள்ளைக்கு உதடு வீங்குது பாருங்க!"

அவளுக்கு மூச்சு இழுத்தது. "வெரசா வண்டியத் திருப்புங்கண்ணே!" என்று அலறினேன்.

போடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. "ரை நல்ல தானியம்தான்மா. ஆனா கோதுமை ஆகாதவங்களுக்கு இதுவும் ஆகாம போகலாம்" என்றார் டாக்டர்.

ரை ரொட்டியை நாங்கள் இன்னும் சாப்பிடுகிறோம். அவளுக்கு மட்டும் கேழ்வரகு, ரை மாவு படாத தனித் தோசைக்கல்லில். மலையேறும்போது யார் வாந்தி எடுத்தாலும், எலுமிச்சம்பழத்தைத் தேடுவதற்கு முன் முகத்தைப் பார்க்கிறேன்.